கொட்டகைக்கு முன்வாசல் கிடையாது

ஃபேன்ஹூக், 11 பிப்ரவரி 2013

அன்புள்ள ஹெர்மீனா அக்காவுக்கு,

கனடாவின் குளிர் உன் முழங்காலை அதிகம் படுத்தவில்லை என்று நம்புகிறேன். இங்கே இருவரும் நலம். யான்னாவுக்கு லேசான சளி. அதனால் வழக்கம்போல அவள் கடித அடியில் எழுதும் வரி இந்த முறை இல்லை.

வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் பழைய வீட்டை ரோட்டர்டாம் தம்பதிக்கு விற்ற பிறகு, அதன் பின்னால் உள்ள நிலமும் நான்கு கொட்டகைகளும் எங்களிடம் இருந்தன. பயன்படாத கொட்டகைகளை இடித்தால், இடித்த பரப்புக்கு ஈடாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது நகராட்சி விதி. வரைபடத்தில் கட்டடங்களுக்குச் சிவப்பு நிறம் என்பதால் இதற்கு ‘சிவப்புக்குச் சிவப்பு’ என்று பெயர். நான்கையும் போன மாதம் இடித்தாயிற்று. வீடு வரும்வரை ஒரு தற்காலிகத் தகர வீட்டில் இருக்கிறோம்.

இனி தோற்றம். ஒரு பண்ணை முற்றத்துக்கு ஒரு வீடுதான் தலையாம். மற்றவை எல்லாம் அதற்கு அடங்கித் தெரிய வேண்டுமாம். ஆகவே எங்கள் புது வீடு கொட்டகை போலவே இருக்க வேண்டும். கறுப்புப் பலகைச் சுவர், துத்தநாகத் தகட்டுக் கூரை, நீண்ட உடம்பு. வடிவமைப்பாளர் அழகாகத்தான் வரைந்திருக்கிறார். நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்கும் நம் முதல் அண்டை வீட்டுக்காரன் ஹார்மென் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன் வாத்தியாரே, நாலு நெசக் கொட்டகைய இடிச்சுட்டு ஒரு பொய்க் கொட்டகை கட்டுறியா? இதுக்கா அவ்ளோ கணக்கு படிச்ச?” என்றான். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று நான் கேட்டிருக்கிறேன். சாலையைப் பார்த்து ஒரு முன்வாசல். சாதாரணக் கதவு, அகலம் ஒரு மீட்டர் பத்து. நகராட்சியின் கட்டடத் தோற்றக் குழு அடுத்த மாதம் முடிவு சொல்லும். மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

உன் தம்பி,
வெஸல்


ஒன்டாரியோ, 27 பிப்ரவரி 2013

அன்புத் தம்பி வெஸலுக்கு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். யாரிடமும் குறை சொல்லவில்லை. யான்னாவுக்கு வெங்காயமும் தேனும் கொடு.

முன்வாசல் எதற்கடா உனக்கு? நம் ஊரில் எவன் முன்வாசல் வழியாக நுழைந்தான்? பாதிரியாரே பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுப்படியில் காப்பி குடித்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் நான் இருந்த இருபத்துமூன்று வருஷத்தில் முன்கதவு மூன்று தடவை திறந்தது. தாத்தாவை எடுத்தபோது. அம்மாவை எடுத்தபோது. நான் மணப்பெண்ணாகக் கிளம்பியபோது. அதற்குப் பிறகு யான்னா மணப்பெண்ணாக உள்ளே வந்தாள். அதைப் புகைப்படத்தில்தான் பார்த்தேன். பூட்டுக்கு எண்ணெய் போட அப்பா அரைநாள் மல்லாடினார் என்று எழுதியிருந்தாய்.

எழுபத்தைந்து வயதில் உன் வீட்டில் யாருக்குக் கல்யாணம்? வேடிக்கையாக இருக்கிறது. இங்கே என் பேத்தியின் தோழிகள் எல்லாம் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அதில் கல்யாணம் செய்கிறார்கள். வைக்கோல் பொதிமேல் உட்கார்ந்து பட்டுப்பாவாடை முழுக்கத் தூசி. அங்கே நீங்கள் வீட்டைக் கொட்டகை ஆக்குகிறீர்கள். மாட்டைத் தவிர எல்லோரும் கொட்டகைக்குப் போயாயிற்று.

அக்கா,
ஹெர்மீனா


ஃபேன்ஹூக், 9 ஏப்ரல் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதாததற்கு மன்னிப்பாய். யான்னாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை. மற்றபடி நலம்.

மறுத்துவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவி மரியாதையான பெண்மணிதான், குறை சொல்ல இடமில்லை. கதவின்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “சார், கொட்டகைக்கு முன்வாசல் கிடையாது. கொட்டகை யாரையும் வாங்கன்னு கூப்பிடாது. அது பாட்டுக்குப் பின்னாடி நிக்கும்.”

“உள்ளே மனுஷங்க இருப்போமே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“தாராளமா இருங்க சார். ரோட்டுலருந்து தெரியக் கூடாது, அவ்ளோதான்.”

தெரியக் கூடாதவை எவை என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கதவு, அழைப்பு மணி, சன்னல் விளிம்பு, பூந்தொட்டி, புகைபோக்கி. பக்கச் சுவரில் ஒரு சறுக்குக் கதவு வைத்துக்கொள்ளலாம். அகலம் எண்பத்தைந்து சென்டிமீட்டர். உள்ளே நுழைந்ததும் நடை செங்கோணத்தில் திரும்புகிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள எதையும் படுத்தவாக்கில் அங்கே திருப்ப முடியாது. மூன்று முறை அளவெடுத்து வரைந்து பார்த்தேன். கட்டில், அலமாரி போன்றவற்றைச் சொல்கிறேன்.

நம் பழைய வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டர்டாம்காரர்கள் முன்நடையைக் குளியலறை ஆக்கிவிட்டார்கள். வெளியே கதவு அப்படியே இருக்கிறது, பழைய வீட்டின் முகம் மாறக் கூடாது என்று அதே குழு சொன்னதாம். புதிதாகப் பச்சை வர்ணம் கூட அடித்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் குளியல் தொட்டி. ஆக, திறக்காத கதவு அங்கே இருந்தே ஆக வேண்டும், திறக்கிற கதவு இங்கே இருக்கவே கூடாது. இதில் எங்கோ ஒரு தர்க்கம் இருக்கும், எனக்குத்தான் புலப்படவில்லை என்று இரண்டு வாரம் யோசித்தேன். இல்லை அக்கா. தர்க்கம் இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன். எனக்கு இது வழக்கமில்லை.

வெஸல்


ஒன்டாரியோ, 24 ஏப்ரல் 2013

தம்பி,

நலம் பிறகு விசாரிக்கிறேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒருவன் சோப்பு நுரையில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறானா? இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன், முழங்காலை மறந்து.

அந்தப் பெண்மணி கோடு போட்டபோது நீ என்ன செய்தாய்? தலையாட்டியிருப்பாய். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவன், மூன்று பேருக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கொட்டகை யாரையும் கூப்பிடாதாமே. அவள் எத்தனை கொட்டகையில் சாணி அள்ளியிருக்கிறாள் என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

முன்வாசல் எதற்கு என்று நான் கேலி செய்ததை வாபஸ் வாங்குகிறேன். உனக்கு வேண்டும் என்றால் வேண்டும். காரணம் அவசியமில்லை.

நகராட்சி முகவரியை அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் என் பேத்தி கண்டுபிடித்துக் கொடுப்பாள்.

யான்னா ஏன் எழுதவில்லை? சளி மூன்று மாதம் இருக்காது, வெஸல்.

ஹெர்மீனா


ஃபேன்ஹூக், 20 மே 2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலை நினைத்துக் கவலைப்பட்டேன். தயவுசெய்து உட்கார்ந்தே கோபப்படு.

பொதுக் கூட்டத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மூன்று பக்கம் எழுதி, கடிகாரத்தை வைத்து நான்கு முறை வாசித்துப் பழகினேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது. தலைவர் “சொல்லுங்க சார்” என்றார். எழுந்தேன். மழைநீர் வடிகாலைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹார்மென் வெளியே என் தோளைப் பிடித்து உலுக்கினான். “வடிகாலா? எவன்யா வடிகாலப் பத்திக் கேட்டான்? கதவு வாத்தியாரே, கதவு!”

என் வீடு எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். அது விதி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீடு கொட்டகை வேஷம் போட்டால் உள்ளே இருப்பவர்களும் வேஷம் போட வேண்டுமா? கொட்டகையின் பக்கக் கதவு வழியாக எதை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அந்த மூவருக்கும் தெரியுமா? செத்த கன்றை.

இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அப்படியே இருக்கட்டும்.

அக்கா, நகராட்சிக்கு எழுதாதே. கதவு இல்லாத வரைபடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது இப்போது ஆறு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் வாய் திறக்காவிட்டால் ஜூன் கடைசியில் அனுமதி கிடைக்கும், ஆகஸ்டில் கூரை ஏறிவிடும். இப்போது எனக்கு வேகம்தான் முக்கியம். ஏன் என்று கேட்காதே.

வெஸல்


ஒன்டாரியோ, 3 ஜூன் 2013

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. என்னுடையது பத்து நாளுக்கு முன்பே நகராட்சிக்குப் போய்விட்டது. கவலைப்படாதே, நன்றாகவே எழுதியிருக்கிறேன். நான்கு பக்கம். “ஃபேன்ஹூக் பண்ணையில் பிறந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வீடு இப்படிக் கட்டப்படக் கூடாது. முன்வாசல் இல்லாத வீட்டில் பன்றிகூட யோசித்துத்தான் நுழையும்” என்று ஆரம்பித்தேன். பிறகுதான் சூடு பிடித்தது.

அறுபது வருஷத்துக்கு முந்தைய நம் ஊர்ப் பேச்சில் எழுதியிருக்கிறேன். அகராதி வைத்துப் படிக்கட்டும்.

உனக்காக யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டாமா?

ஹெர்மீனா


ஃபேன்ஹூக், 21 ஜூன் 2013

ஹெர்மீனா,

நலம் விசாரித்து எழுத இன்று என்னால் முடியவில்லை.

செவ்வாயன்று நகராட்சியிலிருந்து ஓர் எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், உங்க வீட்டுத் திட்டத்துக்கு ஆட்சேபம் வந்திருக்கு.”

“யாருகிட்டருந்து?”

“ஹெர்மீனான்னு ஒருத்தர், கனடாலருந்து. ‘இந்த வீடு இப்படிக் கட்டப்படக் கூடாது’ன்னு தெளிவா எழுதியிருக்காங்க.”

“அது எங்க அக்கா. எனக்காக எழுதினாங்க.”

“இருக்கலாம் சார். ஆனா கெடுவுக்குள்ள வந்திருக்கு, கையெழுத்தும் இருக்கு. ஆட்சேபம்னா ஆட்சேபம்தான். விசாரிச்சுப் பதில் சொல்லப் பன்னெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் வேலை ஆரம்பிக்க முடியாது.”

பன்னிரண்டு வாரம். உன் நான்கு பக்கத்துக்கு என் வீடு பன்னிரண்டு வாரம் நிற்கிறது. எழுதாதே என்று கேட்டேன். என் கடிதம் பிந்தி வந்தது உன் தவறில்லை, தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

யான்னாவுக்குச் சளி இல்லை. நுரையீரல். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சொன்னார்கள். ஒரு வருடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அன்று வீடு திரும்பியதும் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அவள் கேட்டது ஒன்றுதான். “வெஸல், இந்தத் தகரப் பெட்டிலருந்து என்னைத் தூக்கிட்டுப் போக விடாதப்பா. நான் முன்வாசல் வழியா வந்தவ. முன்வாசல் வழியா அனுப்பி வை.”

அதனால்தான் கதவு. குழுவிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்ல எழுந்து, வடிகால் என்று வாயில் வந்தது. உனக்கும் எழுதவில்லை. நீ வருத்தப்படுவாய் என்பதற்காக அல்ல. எழுதினால் அது தாளில் நின்றுவிடும் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் நீ அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரிகிறது.

வெஸல்


ஒன்டாரியோ, 1 ஜூலை 2013

தம்பி,

இன்று காலை விரைவுத் தபாலில் நகராட்சிக்கு ஒரு வரி போயிற்று. “என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.” பேத்தி பக்கத்தில் நின்று, அதற்குமேல் ஒரு சொல் எழுத விடவில்லை.

இதோடு யான்னாவுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஐந்து மாதம் அவளுக்குச் சளி என்றே எனக்கு எழுதினாய், நானும் வெங்காயம் கொடு என்று பதில் எழுதினேன். அதை அவளிடம் வாசித்துக் காட்டினாயா? காட்டியிருப்பாய். அவள் சிரித்திருப்பாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஹெர்மீனா


ஃபேன்ஹூக், 2 அக்டோபர் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. நலம் என்று எழுத முடியாததால் எதுவுமே எழுதாமல் இருந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

அனுமதி ஜூலை கடைசியில் வந்தது. மரச்சட்டங்களைத் தொழிற்கூடத்திலேயே அறுத்துக் கொண்டுவந்து இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். சமையலறைக்கு இன்னும் கதவுகள் இல்லை, தரையும் பாதிதான். ஆனாலும் போன வெள்ளியன்று குடி வந்துவிட்டோம். யான்னாவின் கட்டிலைச் சாலைப் பக்கத்து அறையில் போட்டிருக்கிறேன். அந்தச் சுவரில் சன்னல் கூடாது என்பதால் அவளுக்குச் சாலை தெரியாது. யார் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறாள். “இது ஹார்மென் டிராக்டர். மூணாவது கியர்ல இழுக்குது பாரு, ஒரு நாள் படுத்துக்கும்.”

கடந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வீட்டைப் படம் எடுக்கிறார்கள். எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு நன்றி சொல்கிறேன். சொல்லிவிட்டு உள்ளே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்தச் சுவரில் இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருபது இருக்கிறது. அந்த இடத்தில் குழாயோ மின்கம்பியோ கொண்டுபோக வேண்டாம் என்று தச்சரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அலமாரி வைப்பேன் என்றேன்.

உன் தனித்தாளை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் படிக்கவில்லை.

வெஸல்


ஃபேன்ஹூக், 25 நவம்பர் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி போல் வந்த என் செய்தி உனக்குக் கிடைத்திருக்கும். யான்னா பதினான்காம் தேதி காலை, காப்பி வைக்க நான் போன நேரத்தில், இறந்துபோனாள்.

வழக்கப்படி முதலில் ஹார்மென் வீட்டுக்குத்தான் சொன்னேன். அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை. அண்டை வீட்டார் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார்கள். அடக்கம்வரை ஐந்து நாள், ஊர் வழக்கப்படி, அவள் குளிரூட்டிய பலகைமேல் அந்த அறையிலேயே கிடந்தாள். அடக்கத்தன்று காலை, பெட்டி தூக்க அவர்களில் ஆறு பேர் கறுப்பு உடுப்பில் வந்து, நடையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஹார்மென்தான் சொன்னான். “வாத்தியாரே, இந்தச் சந்துல பெட்டி திரும்பாது. காலிப் பெட்டியக் கொண்டு வந்த மாதிரியே நிமித்தித்தான் கொண்டு போகணும்.”

“நிமிர்த்தக் கூடாது” என்றேன்.

“அப்போ என்ன பண்றது சொல்லு.”

நான் பென்சிலை எடுத்துச் சுவரில் இரண்டு கோடு போட்டேன். ஹார்மென் கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வீட்டுக்குப் போய் மின்ரம்பத்தை எடுத்து வந்தான். முதல் வெட்டை நான் போட்டேன். கோடு கோணிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மீதியை அவர்கள் வெட்டினார்கள், கறுப்பு உடுப்பெல்லாம் மரத்தூள். கறுப்புப் பலகை வெளிப்புறமாகச் சாய்ந்து புல்லில் விழுந்தது. சாலை தெரிந்தது.

கால் முன்னால் இருக்கும்படி, படுத்தவாக்கில், நேராகக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாளே தச்சர் அந்த இடத்தில் நிலை வைத்து ஒரு கதவு மாட்டினார். இன்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அனுமதிக்கு மாறான திறப்பு, ஆறு வாரத்துக்குள் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே உனக்கு எழுதுகிறேன்.

வெஸல்


ஒன்டாரியோ, 9 டிசம்பர் 2013

தம்பி,

சாப்பிடுகிறாயா? பட்டாணி சூப் ஒரு பெரிய பானை வைத்தால் நான்கு நாள் வரும்.

அடைக்காதே. இந்தத் தடவை நான் யாருக்கும் எழுதப் போவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ எழுது. வடிகால் என்ற சொல் அதில் ஓரிடத்தில் வந்தாலும் நான் உனக்கு அக்கா இல்லை.

அவளை நிமிர்த்தாமல் அனுப்பினாயே. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஹெர்மீனா


ஃபேன்ஹூக், 20 ஜனவரி 2014

அன்புள்ள அக்காவுக்கு,

சூப் வைக்கிறேன். ஐந்து நாள் வருகிறது. உன் உடம்பைப் பற்றி நீ எதுவுமே எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் உண்மையை எழுது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

நகராட்சிக்கு எழுதினேன். முதலில் இரண்டு பக்கம் வந்தது. பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு வரி மிச்சம் வைத்தேன். “அடைக்க மாட்டேன்.” அதன்கீழ் கையெழுத்துப் போட்டேன். தபால்பெட்டி வரை போய் ஒரு தடவை திரும்பியும் வந்தேன். பிறகு போட்டுவிட்டேன்.

போன புதன்கிழமை ஓர் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆள், நம் வட்டாரம்தான். பேச்சிலேயே தெரிந்தது. வரைபடத்தை விரித்துக்கொண்டு சாலைப் பக்கச் சுவருக்கு முன்னால் நின்றார்.

“இது என்ன சார்?”

“கதவு.”

“வரைபடத்துல இல்லையே.”

“இல்லை.”

“எப்போ வெட்டினீங்க?”

“நவம்பர் பத்தொன்பது. காலை ஒன்பதரை.”

“எதுக்கு?”

அக்கா, குழுவிடமும் கூட்டத்திலும் எனக்கு வராதது அப்போது வந்தது. குரல் கூட நடுங்கவில்லை. “என் மனைவியை எடுத்துட்டுப் போறதுக்கு. நீங்க கொடுத்த வழியில கன்னுக்குட்டியத்தான் இழுத்துட்டுப் போக முடியும்” என்றேன். அவர் செய்த தவறில்லை என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

அவர் வரைபடத்தை மடித்தார். நான் உள்ளே போய் முன்கதவை அகலத் திறந்தேன். “வாங்க. உள்ளே வந்து அளந்துக்கங்க.”

நிலைப்படி வரை வந்தார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டார்.

“இல்ல சார்” என்றார். “நான் பின்னாடி வர்றேன்.”

வீட்டின் நீளம் இருபத்திரண்டு மீட்டர். பெய்த மழையில் பக்கமெல்லாம் சேறு. அந்த ஆள் வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழு வீட்டையும் சுற்றி நடந்து, காலணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சறுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினார்.

“அந்தக் கதவு வழியா யாரும் வர்றதில்ல, போறதில்ல. அப்படித்தானே சார்?”

“அடுத்தது நான்தான்” என்றேன்.

தலையை ஆட்டினார். இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு, வந்த வழியே சேற்றில் திரும்பிப் போனார்.

அறிக்கையின் நகல் இன்று தபாலில் வந்தது. முத்திரை, தேதி, கோப்பு எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. கீழே ஒரே வரி. “சாலைப் பக்கச் சுவரில் பயன்பாட்டில் உள்ள வாசல் எதுவும் காணப்படவில்லை.”

மூன்று முறை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

உன் தம்பி,
வெஸல்